இன்ஜினியர் ஆகியிருக்க வேண்டிய அம்மையார்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நண்பர் போன் செய்தபோது, விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ, மூன்றாம் வருடம் ஒர்க்‌ஷாப்பில் நான் லேத்தை நிறுத்திவிட்ட கதையையோதான் எதிர்பார்த்திருப்பார். அதையெல்லாம் என்னைவிட ருசியாக எழுத நம் பேட்ச்சிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது 1952-லேயே காலமாகிவிட்ட ஓர் இத்தாலிய அம்மையாரைப் பற்றி. பெயர் மரியா மாண்டிசோரி. இந்தப் பெயரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு ஊர் பள்ளிக்கூடப் போர்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. அந்தப் போர்டுக்குப் பின்னால் ஒரு மனுஷி இருந்தார், அவர் நம்ம சென்னை அடையாறில் வருஷக்கணக்கில் வாழ்ந்தார் என்பது எனக்குப் போன வருஷம் வரைக்கும் தெரியாது.

தெரிந்துகொண்டதற்குக் காரணம் என் மகள். மூன்றரை வயசில் ஒரு பள்ளியில் எல்கேஜி சேர்த்தோம். பெயர் வேண்டாம், நல்ல பெயர் உள்ள பள்ளிதான். இரண்டாவது மாசம் ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், பாப்பா தன் பொம்மையைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்திருக்கிறாள். பொம்மையின் கையை மடக்கி வாய்மேல் வைத்து, விழாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறாள். ஏன்மா என்று கேட்டேன். அது 5-ஐத் திருப்பிப் போட்டுடுச்சு, கெட்ட பொண்ணு என்றாள். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நம் கல்லூரி சீனியர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது, அவர் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அடையாறில் அச்சானது. அதில் ஆரம்பித்துத் தேடித் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

அம்மையார் பிறந்தது 1870 ஆகஸ்ட் 31, இத்தாலியில் அங்கோனாவுக்குப் பக்கத்தில் கியாரவல்லே என்ற சிற்றூரில். அப்பா அரசாங்க உத்தியோகஸ்தர், பழைய பட்டாளத்துக் கண்டிப்பு. அம்மா படித்தவர், மகளுக்கு எப்போதும் பக்கபலம். குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்தது. 13 வயசில் மரியா போய்ச் சேர்ந்தது பையன்கள் படிக்கிற தொழில்நுட்பப் பள்ளியில். இன்ஜினியர் ஆக வேண்டும் என்பது ஆசை. கணக்கு என்றால் உயிர். இதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், நம்ம ஜாதி!

ஆனால் படிப்பு முடிகிற சமயத்தில் மனசு மாறி டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலத்து இத்தாலியில் பெண் டாக்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிப்பது பெண்ணுக்கு அழகல்ல என்று, எல்லோரும் போன பிறகு சாயங்காலத்தில் தனியாகச் செய்ய வைத்தார்கள். பிணங்களோடு ஒற்றை ஆளாக ஓர் இளம்பெண். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்.

அடுத்து மனநோய் மருத்துவமனையில் வேலை. அங்கே மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பைத்தியக்காரர்களோடு சேர்த்து ஒரே கட்டடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். வெற்று அறை, கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருள் கிடையாது. சாப்பிட்டு முடித்ததும் தரையில் கிடக்கிற ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறதுகள் என்று காவலாள் முகம் சுளித்தாளாம். இதுகளுக்குப் பசி வயிற்றில் இல்லை, விரலில் என்று அம்மையாருக்குப் பட்டது. இட்டார், செகுவான் என்று இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் முன்பே இந்த வழியில் நடந்திருந்தார்கள். அவர்கள் எழுதியதைத் தோண்டியெடுத்து, தொட்டுப் பார்க்க, கோத்துப் பார்க்க, அடுக்கிப் பார்க்கச் சாமான்கள் செய்தார். அந்தக் குழந்தைகளில் சிலர் சாதாரணப் பிள்ளைகள் எழுதுகிற பரீட்சையிலேயே தேறினார்கள். ஊர் கைதட்டியது. அம்மையாருக்கு மட்டும் வேறு கேள்வி: இவர்களே இவ்வளவு செய்தால், நல்ல மூளையுள்ள பிள்ளைகளை நம் பள்ளிக்கூடங்கள் என்ன பாடுபடுத்தி வைத்திருக்க வேண்டும்?

இந்தக் காலத்தில்தான் அவருடைய சொந்த வாழ்க்கையில் அந்த முடிச்சு விழுந்தது. கூட வேலை பார்த்த டாக்டர் மோந்தேசானோவோடு பழக்கம். 1898-ல் ஓர் ஆண் குழந்தை, மரியோ. கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருந்தால் அந்தக் கால வழக்கப்படி வேலையை விட்டிருக்க வேண்டும். குழந்தையை ரகசியமாகக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். சில வருஷத்தில் மோந்தேசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். அம்மையார் அவ்வப்போது போய்ப் பையனைப் பார்ப்பார், யார் என்று சொல்லாமலே. உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் வழி சொன்னவர் தன் பிள்ளையைப் பதினைந்து வயசு வரைக்கும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இதை வைத்து அவரைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

1907 ஜனவரி 6. ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. ஒரு கம்பெனி அங்கிருந்த இடிந்த வீடுகளைச் சீர்செய்து வாடகைக்கு விட்டிருந்தது. அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, சின்னப் பிள்ளைகள் மாடிப்படியில் ஓடி, புதுச் சுவரையெல்லாம் கிறுக்கி நாசம் பண்ணின. ரிப்பேர் செலவைவிட ஓர் அறையில் பிள்ளைகளை அடைத்து வைப்பது லாபம் என்று கம்பெனி கணக்குப் போட்டது. பொறுப்பை ஏற்க முடியுமா என்று அம்மையாரிடம் கேட்டார்கள். குழந்தைக் கல்வியில் உலகத்தையே புரட்டிய காரியம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற செலவை மிச்சம் பிடிக்கப்போய் ஆரம்பித்தது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஐம்பது பிள்ளைகளுக்கு மேல். டீச்சர் என்று வந்தவர் பயிற்சி பெற்றவர் அல்ல, அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் வீட்டுப் பெண். அதுவே நல்லதாகப் போயிற்று, கெட்ட பழக்கம் எதுவும் கற்றுக்கொண்டு வரவில்லை. அம்மையார் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் செய்த முக்கிய வேலை அதுதான், பார்ப்பது. மூன்று வயசுப் பெண் ஒருத்தி மர உருளைகளைத் துளைக்குள் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மற்ற பிள்ளைகளைப் பாடச் சொல்லிப் பார்த்தார், நகரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார், உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு விட்ட இடத்தில் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுத் தானாக நிறுத்தி, தூங்கி எழுந்த மாதிரி சிரித்தாளாம். இன்னொரு நாள், சத்தமில்லாமல் மூக்கைச் சிந்துவது எப்படி என்று அம்மையார் கைக்குட்டையை வைத்துச் செய்து காட்டினார். பிள்ளைகள் எழுந்து கைதட்டிவிட்டன. தினமும் மூக்கொழுகி, சளிமூக்கா என்று திட்டு வாங்குகிற பிள்ளைகளுக்கு, திட்டாமல் அதைச் சொல்லிக்கொடுத்த முதல் ஆள் அவர்.

எழுத்து விஷயமும் அப்படித்தான். உப்புக்காகிதத்தில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவிப் பார்க்க விட்டார். எழுது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு டிசம்பர் மாதம், வெயில் காயும் மொட்டைமாடியில், ஐந்து வயசுப் பையனிடம் சாக்குக்கட்டி கொடுத்துப் புகைபோக்கியின் படத்தை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன் சட்டென்று ஒரு சொல்லை எழுதினான். அப்புறம் இன்னொன்று. நான் எழுதிட்டேன் என்று கத்தினான். மற்றதுகளும் ஓடிவந்து தரையெல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டன.

அந்தச் சாமான்களைப் பற்றி ஒரு மெக்கானிக்கல் ஆசாமி பேசாமல் இருக்க முடியாது. இளஞ்சிவப்புக் கோபுரம் என்று பத்துக் கனசதுரக் கட்டைகள். பக்கம் 1 சென்டிமீட்டரில் தொடங்கி 10 சென்டிமீட்டர் வரை. அடுக்கினால் கோபுரம். கன அளவில் பெரியது சின்னதைப்போல் 1000 மடங்கு, அதைக் குழந்தை கை வலியில் உணர்கிறது. இன்னொரு பெட்டியில் எட்டு வண்ணக் கட்டைகள், நாலு வயசுப் பிள்ளை புதிர் மாதிரி சேர்த்து ஒரு கனசதுரமாக மூடும். அது வேறொன்றுமில்லை, ஏ கூட்டல் பி, அடைப்புக்குறி, மூன்றடுக்கு. ஒன்பதாம் வகுப்பில் நமக்கு வேர்க்க வைத்த சூத்திரம் மரத்தில் இருக்கிறது! உருளைக் கட்டையோ நம் இன்ஸ்பெக்‌ஷன் ரூமில் இருக்கிற கோ - நோ கோ கேஜுக்கு அக்கா. தப்பான துளையில் போட்டால் கடைசியில் ஓர் உருளை மிஞ்சும், எந்தத் துளையிலும் இறங்காது. தப்பைச் சொல்ல டீச்சர் வேண்டாம், சிவப்பு மை வேண்டாம். மரமே சொல்லிவிடும், அதுவும் கோபமில்லாமல். என் மகளின் திரும்பிய 5 ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு புகழ். 1909-ல் புத்தகம், பல மொழிகளில் மொழிபெயர்ப்பு. 1913-ல் அமெரிக்கா போனபோது கூட்டம் அலைமோதியது. 1915-ல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை. அப்புறம் பார்சிலோனா, லண்டன் என்று வருஷத்துக்கு ஒரு தேசம். இதை நீட்டவில்லை. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முசோலினி அரசாங்கத்தின் ஆதரவை அம்மையார் பல வருஷம் ஏற்றுக்கொண்டார். பள்ளிகள் பெருகினால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ. சுதந்திரமாகப் பிள்ளை வளர்ப்பதும் கறுப்புச் சட்டையும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934-ல் முறிந்தது, அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் அவர் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். பார்சிலோனாவில் இருந்தவரை 1936-ல் உள்நாட்டுப் போர் துரத்தியது. போய்ச் சேர்ந்தது ஹாலந்து.

இந்தியாவில் அவர் பெயர் முன்பே தெரியும். குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்ற வக்கீல் அவர் எழுத்தைப் படித்துவிட்டுத் தொழிலை விட்டு 1920-ல் பால மந்திர் தொடங்கினார். 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன காந்திஜி லண்டனில் அம்மையாரின் பயிற்சிப் பள்ளிக்கே போய்ப் பேசினார். 1939-ல் பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, 69 வயசில் அம்மையார் மகன் மரியோவோடு சென்னை வந்து இறங்கினார். சில மாதம் இருந்துவிட்டுப் போவதாகத்தான் திட்டம். அடையாறில் கீற்றுக் கொட்டகையில் வகுப்பு. சுமார் 300 பேர், பாதிப் பேர் தரையில் சம்மணம் போட்டு. அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார், மரியோ இங்கிலீஷில் சொல்வார்.

1940 ஜூன் 10, இத்தாலி போரில் குதித்தது. ஒரே நாளில் இருவரும் பிரிட்டிஷ்காரனுக்கு எதிரி நாட்டவர். மரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டு போய்விட்டார்கள். அம்மையார் சபை வளாகத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. ஆலமரமும் ஆற்றங்கரையும் கடல்காற்றும் இருந்தாலும் காவல் காவல்தான். 1940 ஆகஸ்ட் 31, எழுபதாவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி. பிறந்தநாள் பரிசாக உங்கள் மகனைத் திருப்பித் தருகிறோம் என்று அதன் சாரம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அதுவரைக்கும் மரியோவை வெளியாரிடம் உறவுக்காரப் பையன், வளர்ப்புப் பிள்ளை என்றுதான் அறிமுகப்படுத்துவது. 42 வருஷம் அவர் வாய்திறந்து சொல்ல முடியாத ஒரு சொல்லை, அடையாறுக்கு வந்த தந்தி சர்க்கார் முத்திரையோடு சொல்லிவிட்டது.

போர் முடியும்வரை ஊர் திரும்ப முடியவில்லை. வெயில் தாங்காமல் கொடைக்கானல் போய், 1942 முதல் இரண்டு வருஷம் அங்கே இருந்தார். பல தேசத்துப் பிள்ளைகள் சேர்ந்த ஒரு சின்னப் பள்ளி. ஏரி, பாசி, பூச்சி, பாறை எல்லாம் பாடம். உலகம் முழுவதும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது என்று ஆறு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அவருடைய முறை அங்கேதான் முதிர்ந்தது. அகமதாபாத், கராச்சி, ஸ்ரீநகர், கொழும்பு என்று பயிற்சி வகுப்புகள் நடத்தி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை உருவாக்கினார். 1946-ல் ஐரோப்பா போனவர் மறுபடி வந்து 1949 வரை இங்கே வேலை பார்த்தார். அவருடைய கடைசிக் காலப் பெரிய புத்தகம், பிறந்ததிலிருந்து ஆறு வயசுவரை குழந்தையின் மனம் பஞ்சுபோல் உறிஞ்சுவதைச் சொல்வது, 1949-ல் அச்சேறியது நம் அடையாறில். சீனியர் எனக்குக் கொடுத்தது அதுதான். 1952 மே 6, ஹாலந்தில் நோர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் காலமானார். பக்கத்தில் மரியோ இருந்தார். 1990-ல் இத்தாலி வெளியிட்ட 1000 லிரா நோட்டில் அவர் முகம். யூரோ வந்ததும் அந்த நோட்டும் போயிற்று.

இனி எங்கள் ஊர். ஐயம்பேட்டை என்றதும் நம்ம பசங்க தஞ்சாவூரா என்று கேட்பீர்கள். அது இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கிறது இது, தறிச் சத்தத்தில் விடிகிற ஊர். எங்க வீட்டில் குழித்தறி. பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகக் கோர்வை போட வேண்டுமென்றால் தறியில் ஒருத்தர் போதாது. நெய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் பிள்ளைகள்தான். எங்க தறியில் அது என் பெரியப்பா மகள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. கணக்கில் கெட்டிக்காரி, எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததே அவள்தான், நாடாவைத் தள்ளிக்கொண்டே. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் நெசவும் தடைப்பட்டியலில் இருந்தது. ஆனால் குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளை வைத்துச் செய்தால் விலக்கு. எங்க வீட்டுக்கு அந்தச் சட்டம் வந்து சேரவே இல்லை என்பதற்கு அதுதான் காரணம்.

அப்பாவைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். முன்பணம் வாங்கிய வீட்டில் புடவை தேதிக்கு முடிய வேண்டும். தறிக்குப் பக்கத்தில் வளர்ந்தது எனக்கு நல்லதுதான் செய்தது என்றும் தோன்றுகிறது. தார் சுற்றுவேன், அறுந்த இழையை முடி போடுவேன், நிறம் பிரிப்பேன். யாரும் என்னை அடித்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அலுத்தால் ஓடிவிடலாம். அக்காவால் ஓட முடியாது. வேலை ஒன்றுதான், தறியும் ஒன்றுதான். சான் லொரென்சோவில் அந்தக் குட்டிப்பெண் நாற்பது தடவை செய்துவிட்டுத் தானாக நிறுத்தினாள் என்று படித்தபோது, நிறுத்தினாள் என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். என் இன்ஜினியரிங் பட்டத்தில் அக்காவின் ஆறாம் வகுப்பு இருக்கிறது. இதை இதுவரை அவளிடம் நான் சொன்னதில்லை.

அம்மையாரின் சாமான்களில் நிறப்பலகை என்று ஒன்று உண்டு. 8 நிறம், நிறத்துக்கு 8 சாயை, ஆக 64. கறுத்ததிலிருந்து வெளுத்தது வரை பிள்ளை வரிசையாக வைக்க வேண்டும். ஆரம்பத்தில் அவர் அதை எதில் செய்தார் தெரியுமா? சின்னப் பலகைகளில் பட்டு நூலைச் சுற்றி! இதைப் படித்த அன்றே ஐயம்பேட்டைக்கு வண்டியை எடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா மிச்ச நூல் மூட்டையைப் பிரித்துவிட்டாள். ஒரு அரக்குக்கும் அடுத்த அரக்குக்கும் என் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் அவளுக்குத் தெரிகிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமையில் 61 பலகை முடிந்தது. பச்சையில் மூன்று சாயை கிடைக்கவில்லை, சாயப்பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறாள்.

உருளைக் கட்டையைத் தறி செய்கிற ஆசாரியிடம் கொடுத்தேன். மரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று உருளைக்கு உருளை வித்தியாசத்தை 3 மில்லிமீட்டராகக் குறைத்து நான் படம் போட்டேன். அவர் துளையைச் சற்றுத் தாராளமாகப் போட்டார். விளைவு, பக்கத்து உருளையும் இறங்குகிறது, கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. டாலரன்ஸ் போடாமல் டிராயிங் கொடுத்தவன் நான், நம் டிராயிங் வாத்தியார் படித்தால் மன்னிக்கவும். இரண்டாவது செட்டு 5 மில்லிமீட்டரில் சரியாக வந்தது.

மகளை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம். அடுத்து எங்கே என்று மனைவிக்கும் எனக்கும் இன்னும் பேச்சு ஓடுகிறது. மாண்டிசோரி போர்டு போட்ட இரண்டு இடம் பார்த்தேன். ஒன்றில் சாமானெல்லாம் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. இன்னொன்று நிஜமாகவே நன்றாக இருந்தது, ஆனால் கட்டணம் என் கார் தவணையைவிட அதிகம். ஏழைக் குடியிருப்பில் பிறந்த முறை இப்படி ஆகிப்போனது. போன வாரம் அக்கா வீட்டில் பாப்பா நீல வரிசையை அடுக்கினாள். ஐந்தாவதும் ஆறாவதும் மாறிவிட்டது. அக்காவின் கை தன்னால் நீண்டது, அப்புறம் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். பாப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே மாற்றி வைத்தாள்.

எங்க தெரு அங்கன்வாடியில் காட்டியபோது அந்த அம்மா ஆசையாகத்தான் கேட்டார்கள். பக்கத்துத் தெருக்களுக்கும் சேர்த்து ஐந்து செட்டு செய்து கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நூலும் நிறமும் அக்கா பொறுப்பு. தேக்கு மரத்துண்டு மிச்சம் விழுகிற தொழிற்கூடம் வைத்திருப்பவர்கள், நல்ல மரக்கடைசல் ஆள் தெரிந்தவர்கள் நம் கூட்டத்தில் இருப்பீர்கள். சந்திப்பு நாளில் உருளைக் கட்டை ஒன்றும் பட்டுப் பலகைப் பெட்டியும் கொண்டு வருகிறேன், பதிவு மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். டிராயிங்கும் இருக்கும், இந்த முறை டாலரன்ஸ் போட்டு.